எல்ப் ஆற்றில் மழையிலும் காற்றிலும் சரக்குக் கப்பல்களைப் படமெடுப்பது

ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகம் கடலோரத்தில் இல்லை. வட கடலிலிருந்து எல்ப் ஆற்றின் வழியே 100 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வர வேண்டும். 400 மீட்டர் நீளமும் 61 மீட்டர் அகலமும் உள்ள கன்டெய்னர் கப்பல்கள்கூட இந்த ஆற்றில்தான் வந்து போகின்றன. கரையில் நின்றபடியே அவற்றை எடுக்கலாம், அதுவும் மப்பும் மழையுமான நாளில் எடுப்பதுதான் சிறப்பு. எளிதாகப் போய்வரக்கூடிய ஓவெல்கொன்னே, பிளாங்கனேசே, வேடல் எல்லாம் வடகரையில் இருக்கின்றன. வெயில் நாளில் அங்கே சூரியன் பெரும்பாலும் கப்பலுக்குப் பின்னால் நிற்கும், நம் பக்கம் தெரியும் உடல் வெறும் கருப்பாகிவிடும். டிசம்பரில் நண்பகலிலேயே சூரியன் 13 பாகைதான் ஏறும் என்பதால் நாள் முழுக்க இதே தொல்லை. மேகம் மூடினால் அது தீர்ந்தது. நனைந்த கன்டெய்னர்களின் சிவப்பும் நீலமும் பச்சையும் வெயிலில் ஒருபோதும் இவ்வளவு அழுத்தமாக வராது.

கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியது மழையின் அளவை அல்ல, காற்றின் திசையை. மழை காற்றோடு வந்து லென்ஸின் முகத்தில் அடித்தால் எவ்வளவு நல்ல கேமராவும் பயன்படாது. தென்மேற்குக் காற்று வீசும்போது வடகரையில் நின்றால் நேராக முகத்தில் அடிக்கும். அன்றைக்குத் தென்கரைக்குப் போங்கள். லூஹே படகுத்துறை அதற்கு நல்ல இடம்: காற்று முதுகில் படும், கப்பல் எதிரே போகும். வேடலின் ஷுலாவ் துறையிலிருந்து அங்கே படகு உண்டு, நேர அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஹாம்பர்க்குக்குள் என்றால் ஃபின்கன்வெர்டர் கரை. காற்று வடமேற்குக்குத் திரும்பிவிட்டால் வடகரையில் ஒரு மரமோ சுவரோ துணைக்கு இருந்தால் போதும்.

காற்று அப்படித் திரும்பும் நேரத்தைத் தவறவிடாதீர்கள். விடாத மழை நின்று, விட்டுவிட்டுப் பெய்யத் தொடங்கும். பிற்பகலில் மழைமேகம் கிழக்கே நகர, மேற்கே வானம் திறந்து தாழ்வான வெயில் விழும். அப்போது ஆற்றின் மேல்திசையை, அதாவது ஹாம்பர்க் பக்கத்தைப் பார்த்து நில்லுங்கள். துறைமுகத்திலிருந்து கடலுக்குப் புறப்பட்ட கப்பல் முகம் முழுக்க வெளிச்சத்தோடு வரும், பின்னால் கருமேகம் நிற்கும். இது சில நிமிடம்தான் நீடிக்கும்.

கப்பல் எப்போது வரும் என்பதை மரைன்டிராஃபிக், வெசல்ஃபைண்டர் போன்ற செயலிகளில் பார்க்கலாம். அதில் வரும் வேகத்தை வைத்து நீங்களே கணக்குப் போடுங்கள். 12 நாட் என்றால் மணிக்கு 22 கிலோமீட்டர். கடலிலிருந்து வரும் கப்பல் ஸ்டாடர்சாண்டைத் தாண்டினால் வேடலுக்கு இன்னும் 13 கிலோமீட்டர், சுமார் 35 நிமிடம். அதுவரை கேமராவை வெளியே எடுக்காமல் பையிலேயே வைத்திருக்கலாம். ஆழமாக மிதக்கும் பெரிய கப்பல்கள் நீரேற்றத்தை, அதாவது கடல் ஏறி ஆற்றில் நீர் உயரும் நேரத்தை, நம்பித்தான் உள்ளே வருகின்றன, ஆகவே ஏற்றவற்ற அட்டவணையையும் பாருங்கள். புயல் கடுமையாக இருந்தால் மிகப் பெரியவை கடலிலேயே காத்திருக்கும். மிதமான காற்றும் மழையும் உள்ள நாளே கைகொடுக்கும்.

எந்த லென்ஸ் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 400 மீட்டர் கப்பல் 500 மீட்டர் தூரத்தில் குறுக்கே போனால், முழு ஃபிரேம் கேமராவில் (36 மி.மீ. அகல சென்சார் உள்ளது) 45 மி.மீ. லென்ஸிலேயே அது ஓரத்திலிருந்து ஓரம்வரை நிறைந்துவிடும். சுற்றிலும் கொஞ்சம் ஆறும் வானமும் வேண்டுமென்றால் 35 மி.மீ. தேவை. ஒரு கிலோமீட்டர் தூரம் என்றால் 90. நீளமான லென்ஸ் இரண்டுக்குத்தான்: எதிரே நேராக வரும் கப்பலின் முகப்புக்கும், இழுவைப் படகு, கயிறு, மேல்தளத்து ஆட்கள் போன்ற துண்டுக் காட்சிகளுக்கும். தூரம் கூடக் கூட நடுவில் மழைத்திரையும் தடிக்கும். அதை எந்த லென்ஸாலும் துளைக்க முடியாது, கப்பல் கிட்டே வரும்வரை காத்திருங்கள். இடையில் லென்ஸை மாற்றாதீர்கள். 24-105, 70-200 இரண்டில் ஒன்றை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு வருவது நல்லது.

மழைக்கு உறை இல்லாவிட்டால் தடித்த பிளாஸ்டிக் பை போதும். அடியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, லென்ஸ் ஹூட்டின் மேல் ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். கண்வைக்கும் பக்கம் திறந்தே இருக்கட்டும். மைக்ரோஃபைபர் துணி நான்கு எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்று நீரை ஒற்றி எடுக்க, ஒன்று துடைத்து முடிக்க, மற்ற இரண்டும் காய்ந்தபடி உள்சட்டைப் பையில். ஒரே துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தால் கண்ணாடியில் மெல்லிய படலம் படியும், படமெல்லாம் மங்கும். போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் வடிகட்டி) வேண்டாம், ஏற்கெனவே குறைவான வெளிச்சத்தில் ஒன்றரை ஸ்டாப்பாவது, அதாவது பாதிக்கும் மேல், அது தின்றுவிடும். நீளும் ஜூம் லென்ஸை உள்ளிழுக்கும் முன் குழலைத் துடையுங்கள், இல்லையென்றால் ஈரத்தைக் கூடவே உள்ளே கொண்டுபோகும்.

ஷட்டர் வேகத்தைக் கப்பல் தீர்மானிக்கிறது. மெதுவாகப் போவதுபோலத் தெரிந்தாலும் 12 நாட் என்பது நொடிக்கு 6 மீட்டர். 200 மி.மீ. லென்ஸில், 500 மீட்டர் தூரத்தில், 1/250 வைத்தால் கப்பலின் பெயரெழுத்துகளில் லேசான இழுப்பு தெரியும். 1/500 குறைந்தபட்சம், காற்று உங்களையும் ஆட்டினால் 1/1000. அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 5.6 முதல் 8 வரை. ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 3200வரை போகட்டும், புள்ளிகளைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், அசைந்த படத்தைத் திருத்த முடியாது. மழையே கோடுகோடாகத் தெரிய வேண்டுமானால் 1/125க்கு இறங்கி, அகலமான லென்ஸில் எடுங்கள். அப்போதும் கோடுகள் கருத்த கப்பல் உடலின் மேல்தான் தெரியும், வெளிறிய வானத்தின் மேல் தெரியாது. அதனால் ஃபிரேமைக் கப்பல் உடல் நிறைக்கும்படி வையுங்கள்.

வெள்ளை வானம் ஃபிரேமில் பாதிக்கு மேல் இருந்தால் கேமரா படத்தை இருட்டாக்கிவிடும், எக்ஸ்போஷர் ஈடுசெய்யும் அமைப்பில் +0.7 அல்லது +1 கூட்டுங்கள். கருப்புக் கப்பல் நிறைந்த ஃபிரேமில் அந்தக் கூட்டலை நீக்க மறக்காதீர்கள். கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாகவே எடுங்கள்.

ஆட்டோஃபோகஸ் இந்த வானிலையில் அடிக்கடி வழிதவறும். அகலப் பரப்பில் விட்டால் அருகில் விழும் துளியைப் பிடித்துக்கொள்ளும், மூட்டத்தில் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்து, முகப்பில் எழுதிய கப்பல் பெயர், நீர்மட்ட எண்கள், இரண்டு கன்டெய்னர் அடுக்குகளுக்கு நடுவே உள்ள இருண்ட இடைவெளி என்று கூர்மையான விளிம்பு உள்ள இடத்தில் வையுங்கள். முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். எடைக்காக அதில் தொங்கவிட்ட பை காற்றில் ஊசலாடினால் முக்காலியையும் ஆட்டும். பையின் அடி தரையைத் தொடும்படி வாரை இறுக்குங்கள்.

ஆற்றங்கரை மணலில் நிற்பவர்கள் ஒன்றை அவசியம் தெரிந்திருக்க வேண்டும். பெரிய கப்பல் கடக்கும்போது முதலில் கரையோர நீரை உறிஞ்சி உள்ளே இழுக்கும், ஈர மணல் வெளியே தெரியும். பார்க்க அமைதியாக இருக்கும். அடுத்து அந்த நீர் அலையாகத் திரும்பி, சற்றுமுன் காய்ந்திருந்த இடத்தையும் மூடும். கப்பல் கண்ணைவிட்டுப் போன பிறகும் இது வரும். நீர் பின்வாங்குவதைக் கண்டால் அந்தக் கணமே மேலே ஏறுங்கள், குழந்தைகளை முதலில் மேலே அனுப்புங்கள். ஆற்றுக்குள் நீளும் கல் தடுப்புகளில் ஏறவே வேண்டாம். இந்த மணலில் பையைக் கீழே வைக்காதீர்கள்.

வடமேற்குப் புயல் கடல்நீரை ஆற்றுக்குள் தள்ளும். 1962 பிப்ரவரியில் அப்படி வந்த வெள்ளம் ஹாம்பர்க்கில் 315 பேரைக் கொன்றது. இன்றைக்குக் கரைமேடுகள் உயர்ந்திருக்கின்றன, ஆனால் படமெடுக்க நிற்கும் இடங்களில் பல அந்த மேட்டுக்கு வெளியே ஆற்றுப் பக்கம்தான் உள்ளன. வழக்கமான உயர்நீர் மட்டத்துக்கு மேல் ஒன்றரை மீட்டர் என்ற எச்சரிக்கை வந்தால் அன்றைக்குப் போகாதீர்கள், வண்டியை அங்கே நிறுத்தவும் வேண்டாம். இடி கேட்டாலும் உடனே கிளம்பிவிடுங்கள்.

வீட்டுக்குள் நுழையும் முன் வெளியிலேயே மெமரி கார்டையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, கேமராவைத் துடைத்து, ஜிப் பையில் மூடுங்கள். சூடான அறைக்குள் குளிர்ந்த கேமராவைத் திறந்தபடி கொண்டுபோனால் உள்ளே வியர்க்கும். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்து, சிலிகா ஜெல்லோடு இரவு முழுக்க வையுங்கள். ஹாம்பர்க் பக்கம் நன்னீர், அதனால் இவ்வளவு போதும். ஆற்றின் முகத்துவாரமான குக்ஸ்ஹாஃபனில் எடுத்திருந்தால் காற்றில் உப்பு வந்திருக்கும்: காய்வதற்கு முன்பே, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமரா உடல், லென்ஸ் வளையங்கள், முக்காலிக் கால்களின் பூட்டுகள் எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள்.