பழைய ரூட்டரை வைத்துக்கொண்டே மெஷ் வைஃபை

ஃபைபர் இணைப்புக்காரர்கள் மாட்டிவிட்டுப் போன பெட்டியைக் கழற்ற வேண்டாம். பெரும்பாலும் மோடம், ரூட்டர் இரண்டும் அதுவே. லேண்ட்லைன் போன் இருந்தால் அதுவும் அதில்தான் செருகியிருக்கும். அதை ரூட்டராகவே விட்டுவிட்டு, வைஃபையை மட்டும் மெஷ்ஷிடம், அதாவது வீடு முழுக்க ஒரே பெயரில் வைஃபை பரப்பும் சில சிறு பெட்டிகளிடம் (யூனிட்டுகளிடம்), கொடுத்துவிடுவதே சுலபம். சாதாரண இரண்டு படுக்கையறை வீட்டுக்கு இரண்டு யூனிட் போதும். மாடியும் இருந்தால் மூன்று. அதற்கு மேல் வாங்கிக் குவித்தால் ஒரே சேனலில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வேகம்தான் குறையும்.

உதாரணத்துக்கு, டிபி-லிங்க் நிறுவனத்தின் டெகோ மெஷ்ஷை எடுத்துக்கொள்வோம். முதல் யூனிட்டை லேன் கேபிளால் பழைய ரூட்டரின் லேன் போர்ட்டில் இணைத்து, மின்சாரம் கொடுங்கள். விளக்கு நீலமாக மின்னத் தொடங்கியதும் போனில் டெகோ ஆப்பில் சேர்க்கலாம். இணைப்பு வகை கேட்டால் டைனமிக் ஐபி (ஐபி முகவரி தானாகக் கிடைக்கும் வகை); லாகின் போட்டு நுழையும் பிபிபிஓஇ அல்ல, அந்த லாகின் பழைய பெட்டியிலேயே இருக்கிறது. வைஃபைக்குப் பழைய பெயரையும் பாஸ்வேர்டையுமே எழுத்து பிசகாமல் கொடுத்தால் டிவி, கேமரா எல்லாவற்றையும் மறுபடி இணைக்கும் வேலை பெரும்பாலும் மிச்சம்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்போது ரூட்டருக்குப் பின்னால் இன்னொரு ரூட்டர் உட்கார்ந்திருக்கும். பழைய பெட்டியில் செருகிய பிரிண்டர் போனுக்குத் தென்படாது, ஆன்லைன் விளையாட்டுகளும் தகராறு செய்யும். ஆப்பின் அட்வான்ஸ்டு பகுதியில் ஆபரேஷன் மோடைத் திறந்து, அக்சஸ் பாயிண்ட்டுக்கு மாற்றுங்கள்; அப்போது டெகோ ரூட்டர் வேலையை விட்டுவிட்டு வைஃபை மட்டும் கொடுக்கும். மாறிவிட்டதா என்று போனின் வைஃபை விவரத்தில் பார்க்கலாம்: ஐபி 192.168.68 என்று தொடங்கினால் அநேகமாக இன்னும் மாறவில்லை; பழைய ரூட்டரின் வரிசையில், உதாரணமாக 192.168.1 என்று வந்தால் சரி. இந்த மோடில் குழந்தைகளுக்கான கட்டுப்பாடு போன்ற சில வசதிகள் கிடைக்காது. அவை கட்டாயம் வேண்டுமென்றால் டெகோவையே ரூட்டராக வைத்து, பழைய பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (மோடமாக மட்டும் இயங்கும் முறைக்கு) மாற்றித் தரும்படி இணைப்புக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அடுத்து, பழைய ரூட்டரின் வைஃபையை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் அணைத்துவிடுங்கள். விட்டுவைத்தால் மாடிக்குப் போன பிறகும் போன் கீழே உள்ள பழைய சிக்னலையே பிடித்துத் தொங்கும்.

இரண்டாவது யூனிட்டை சிக்னலே வராத அறையில் கொண்டுபோய் வைப்பதுதான் வழக்கமான தவறு. வராத சிக்னலை அது எங்கிருந்து வாங்கிக் கொடுக்கும்? பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில், மறைப்பு இல்லாமல் வையுங்கள். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ் பக்கம் வேண்டாம். மாடி யூனிட்டைப் படிக்கட்டின் மேல் முனையில் வைத்தால் கான்கிரீட் தளத்தைத் துளைக்க வேண்டியதில்லை.

முடிந்தால் யூனிட்டுகளுக்கிடையே கேட் 5இ அல்லது கேட் 6 வகை லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும். டூயல் பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு மட்டும் உள்ள) மெஷ் கம்பியில்லாமல் பேசும்போது, வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் ஒரே அலைவரிசை என்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கேபிள் போட்டும் 95 மெகாபிட்டைத் தாண்டவில்லையா? கனெக்டரைப் பாருங்கள். எட்டுக் கம்பியில் ஒன்று விட்டுப்போயிருந்தாலே இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். யூனிட்டின் போர்ட்டே 100 மெகாபிட்தான் என்றால் கேபிளை மாற்றிப் பயனில்லை.

ஸ்மார்ட் பிளக் மட்டும் சேர மறுத்தால், ஆப்பில் 5 கிகாஹெர்ட்ஸைச் சற்று நேரம் அணைத்துவிட்டுச் சேர்த்துப் பாருங்கள். எல்லா யூனிட்டையும் இன்வெர்ட்டர் லைனில் செருகுங்கள். ஃபைபர் பெட்டிக்கு மட்டும் கொடுத்தால் கரண்ட் போனதும் வைஃபையும் போய்விடும்.