தலையிடி: பனடோலுக்கு முன்

வேர்க்கொம்புப் பற்று, தைலம், ஆவி, இஞ்சித் தேத்தண்ணி என்று நம் வீடுகளில் தலையிடிக்கு மருந்து நிறைய இருக்கிறது. ஆனால் ஒருநாள் கேட்ட மருந்து இன்னொருநாள் கேட்பதில்லை. வந்த தலையிடி வேறாக இருப்பதுதான் அநேகமாகக் காரணம்.

கூடுதலானோருக்கு வருவது இறுக்கத் தலையிடி. நெற்றியைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டியதுபோல இரு பக்கமும் அழுத்தும். இருந்தாலும் வேலையை மெதுவாகச் செய்துகொண்டிருக்கலாம். ஒற்றைத் தலையிடி அப்படி விடாது. துடிக்கும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காது, படியேறினால் கூடும். மருந்து எடுக்காவிட்டால் 4 முதல் 72 மணித்தியாலம் வரை நிற்கும். இரு பக்கமும் வலிப்பதால் மட்டும் அது ஒற்றைத் தலையிடி இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். கன்னம் கனத்து மூக்கு ஒழுகுவதைப் பீனிசம் என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் ஆவி பிடிப்பவர்கள் ஏராளம். காய்ச்சலோ தடித்த சளியோ இல்லாமல், குமட்டலோடு திரும்பத் திரும்ப வந்தால் அதுவும் பெரும்பாலும் ஒற்றைத் தலையிடிதான். பிரஷரையும் இதில் இழுக்க வேண்டாம். சாதாரணமாகக் கூடியிருக்கும் குருதியமுக்கம் தலையிடியைத் தராது. ஆகவே தலையிடிக்கவில்லை என்று பிரஷர் குளிசையை விடுவது ஆபத்து.

கைவைத்தியத்துக்கு நேரமில்லாத தலையிடி

ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் இடி, கழுத்து விறைப்போடு காய்ச்சல், வாய் கோணல், பேச்சுக் குழறல், கைகால் பலவீனம், அடிபட்டபின் வாந்தி, கண் சிவந்து பார்வை மங்குதல், 20 வாரம் கடந்த கர்ப்பிணிக்குக் கடும் தலையிடி: இவற்றில் எது வந்தாலும் 1990 என்ற இலக்கத்தில் சுவசரிய அம்புலன்ஸை அழையுங்கள். கட்டணம் இல்லை. 50 வயதுக்குப் பிறகு முதன்முதலாகத் தொடங்கும் தலையிடியையும் தள்ளிப்போடாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அதோடு நெற்றிப்பொட்டு தொட்டால் நொந்தாலோ, சாப்பாடு மெல்லும்போது தாடை வலித்தாலோ அன்றைக்கே போங்கள். பார்வை பறிபோகக்கூடிய நோய் ஒன்று இப்படித் தொடங்கும்.

கொழும்பில் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் நோவும் சேர்ந்து வந்தால், இல்லையென்று தெரியும்வரை டெங்கு என்றே எண்ணி நடவுங்கள். பரசிற்றமோல் (பனடோல்) மட்டும் எடுக்கலாம். அஸ்பிரின், ஐபியூபுரோஃபன், டிக்லோஃபெனாக் எதுவும் கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டும். இரத்தப் பரிசோதனையைத் தவறவிட வேண்டாம். டெங்குவின் மோசமான கட்டம் காய்ச்சல் இறங்கும் நேரத்திலேயே வருவதால், காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடாதீர்கள்.

நான்கு வாரக் குறிப்பு

ஒரு கொப்பியில் தொடங்கிய நேரம், பக்கம், துடிப்பா அழுத்தமா, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், முந்தின இரவு நித்திரை, எத்தனை தேத்தண்ணி, எத்தனை குளிசை, பெண்களென்றால் மாதவிடாய் நாள் ஆகியவற்றை எழுதுங்கள். நினைவை நம்பினால் கடைசியாகச் சாப்பிட்ட சாப்பாட்டின் மேல்தான் பழி விழும்.

கொப்பியில் அடிக்கடி அகப்படுவது தேத்தண்ணி. கிழமை நாளில் கந்தோரில் ஐந்து கோப்பை, ஞாயிறன்று ஒன்று என்றால் ஞாயிறு பின்னேரம் தலை இடிக்கும். தேத்தண்ணியில் உள்ள கஃபீன் நின்று 12 முதல் 24 மணித்தியாலத்தில் இந்த இடி தொடங்கும். விரத நாளிலும் நோன்பின் முதல் நாட்களிலும் வருவதில் ஒரு பகுதி இதுதான், மற்றது பசியும் தாகமும். ஒரேயடியாக நிறுத்தாமல், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு கோப்பையாகக் குறைத்து, எல்லா நாளும் ஒரே அளவில் வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு இரண்டு மூன்று கோப்பை போதும்.

மத்தியான வெயிலில் காலி வீதியில் பஸ்சுக்கு நின்று வந்த இடிக்கு நிழலும், அரை மணித்தியாலத்தில் மெதுவாகக் குடித்த இரண்டு கிளாஸ் தண்ணீரும் முதல் மருந்து. நிறைய வியர்த்திருந்தால் ஜீவனி என்ற உப்புக் கரைசல் தூளைப் பைக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில் கரையுங்கள். செவ்விளநீரும் நல்லது. ஆனால் அதில் பொட்டாசியம் கூட, சிறுநீரக நோயாளருக்கு ஆகாது.

வந்தபின்

இறுக்கத் தலையிடிக்குப் பிடரியில் வேலை இருக்கிறது. மண்டையோடு கழுத்தைச் சந்திக்கும் பள்ளத்தில் இரு பெருவிரலையும் வைத்து 2 நிமிடம் மெல்ல வட்டமாக அழுத்துங்கள். பிறகு நாடியைக் கீழே குனிக்காமல் நேரே பின்னுக்கு இழுத்து 5 செக்கன் பிடித்து விடுங்கள். பத்துத் தரம் செய்யலாம். கை விறைத்தால் நிறுத்த வேண்டும். அதன்பின் கழுத்திலும் தோளிலும் 15 நிமிடம் வெந்நீர் ஒத்தடம். கணினித் திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இல்லையென்றால் நாளைக்கும் இதே வேலைதான்.

ஒற்றைத் தலையிடிக்கு இருட்டறையும் குளிரும். ஐஸைத் துணியில் சுற்றி நெற்றியிலோ பிடரியிலோ 15 நிமிடம் வையுங்கள். தோலில் நேரே வைத்தால் புண்படும். குமட்டலுக்கு ஒரு அங்குல இஞ்சியை நசுக்கி, ஒரு கோப்பைத் தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்கவைத்துச் சிறிது சிறிதாகக் குடிக்கலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

வேர்க்கொம்பைத் தண்ணீர் விட்டுக் கல்லில் உரைத்து நெற்றியில் மெல்லிசாகப் பூசுங்கள். 10 நிமிடத்தில் கழுவிவிட வேண்டும், காயவிட்டுப் படுத்தால் தோல் பொசுங்கும். தைலம் நெற்றிப்பொட்டுக்கு மட்டும். கற்பூரம் கலந்ததைக் கைக்குழந்தையின் மூக்கருகே பூசினால் மூச்சே அடைக்கலாம். கொதிக்கும் பானைமேல் சிறுபிள்ளையைக் குனியவைத்து ஆவி பிடிப்பது வேண்டவே வேண்டாம். சுட்டுப் புண்ணாவது அப்படித்தான்.

இவை கேளாவிட்டால் பனடோல் எடுப்பதில் பிழையில்லை. வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, குறைந்தது 4 மணித்தியால இடைவெளி, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் இல்லை. ஈரல் நோய் உள்ளவர்களும் நிறை குறைந்தவர்களும் தங்களுக்குரிய அளவை வைத்தியரிடம் கேட்க வேண்டும். தொடக்கத்திலேயே எடுத்தால் நன்றாகக் கேட்கும். ஆனால் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால் குளிசையே தலையிடியைத் தரத் தொடங்கும். கொடீன் (கடும் வலிமருந்து) அல்லது கஃபீன் கலந்த குளிசையென்றால் மாதம் 10 நாள் எடுத்தாலே இப்படி ஆகும். காலையில் எழும்பும்போதே இடி, குளிசைக்கு இறங்கி மறுபடி ஏறும் இடி என்றால் இதைச் சந்தேகியுங்கள். சாதாரண பனடோலை நிறுத்தினால் முதல் சில நாட்கள் இடி கூடும், அதற்கு மேல் இறங்கும். கொடீனை மட்டும் தானாக நிறுத்தாமல் கொப்பியோடு வைத்தியரிடம் போங்கள்.