வீட்டு பாஸ்வேர்டுகளை எல்லாப் போனிலும் வைத்துக்கொள்வதும் பத்திரமாகப் பகிர்வதும்: ஒரு செய்முறை

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டில் எத்தனை லாக்இன் இருக்கிறது என்று உட்கார்ந்து எண்ணினால் தலை சுற்றும். ரயில் டிக்கெட்டுக்கு ஒன்று, அப்பாவின் பி.எஃப். கணக்குக்கு ஒன்று, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்கு ஒன்று, கேஸ் புக்கிங், வைஃபை, படம் பார்க்கிற ஆப் இரண்டு, அப்புறம் ஆளுக்கொரு ஜிமெயில். இதில் பாதி, மளிகைக் கடைக்காரர் கொடுத்த காலண்டரின் பின்பக்கத்தில் இருக்கும். மீதி, வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் குட்மார்னிங் படங்களுக்கு நடுவே எங்கோ கிடக்கும். "ரயில் பாஸ்வேர்டு இன்னாடா?" என்று அக்கா கேட்டு, நாம் தேடி எடுப்பதற்குள் தட்கல் முடிந்துவிடும்.

'பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதே' என்பது ஆபீஸுக்குச் சரி. வீட்டில் நடக்காது. கேஸ் புக் செய்வது ஒருவர், காசு கட்டுவது இன்னொருவர் என்றுதான் குடும்பம் ஓடுகிறது. எப்படியும் பகிரத்தான் போகிறோம்; அதை வாட்ஸ்அப்பில் செய்யாமல் பூட்டுப் போட்ட இடத்தில் செய்வோம்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது, பாஸ்வேர்டுகளை ஒரே இடத்தில் பூட்டி வைக்கும் பிட்வார்டன் என்ற ஆப். இலவசத் திட்டத்திலேயே எத்தனை பாஸ்வேர்டும், எத்தனை போன், கம்ப்யூட்டரும் சேர்க்கலாம். விவரங்கள் உங்கள் போனிலேயே மறையாக்கப்பட்ட (யாரும் படிக்க முடியாதபடி மாற்றப்பட்ட) பிறகுதான் அவர்களுடைய சர்வருக்குப் போகும். அவர்களாலும் படிக்க முடியாது. வீட்டில் எல்லோரும் ஆண்ட்ராய்டும் க்ரோமும்தான் என்றால் கூகுளின் பாஸ்வேர்டு மேனேஜரே தாராளமாகப் போதும். ஒருவரிடம் ஐபோன், ஒருவரிடம் பழைய லேப்டாப் என்று கலவையாக இருந்தால் பிட்வார்டன் வசதி.

படி 1: முதலில் ஒரு தாளில் பிரியுங்கள்

ஆப் பக்கம் போகும் முன் இதைச் செய்யுங்கள். ஒரு தாளில் மூன்று பத்தி. முதல் பத்தியில் பகிர வேண்டியவை: ரயில் டிக்கெட், வைஃபை, கேஸ், ஸ்கூல், படம் பார்க்கிற ஆப். இரண்டாவதில் அவரவருக்கு மட்டும் உரியவை: ஜிமெயில், சமூக வலைத்தளங்கள், பி.எஃப். மூன்றாவதில் யாருக்குமே சொல்லக் கூடாதவை: யூபிஐ பின், ஏடிஎம் பின், நெட் பேங்கிங், வங்கியிலிருந்து வருகிற ஓடிபி. மனைவியிடம் மறைப்பதா என்று சண்டை வரலாம். காரணம் சந்தேகம் இல்லை: பணம் போய்விட்டால், பின்னை நீங்களே இன்னொருவருக்குச் சொன்னீர்கள் என்பதுதான் வங்கியின் முதல் பதிலாக இருக்கும். சேர்ந்து பார்க்க வேண்டிய பணம் என்றால் ஜாயின்ட் அக்கவுன்ட் இருக்கவே இருக்கிறது.

படி 2: ஜிமெயிலையும் சிம்மையும் பலப்படுத்துங்கள்

எந்தக் கணக்கிலும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று தட்டினால் அது மெயிலுக்கோ போன் எண்ணுக்கோதான் வரும். அந்த இரண்டும் கைவிட்டுப் போனால் மற்ற எல்லாமே போன மாதிரிதான். கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சோதனையையும் கேட்கும் வசதியைப் போடுங்கள். அதே இடத்தில் 'பேக்அப் கோடுகள்' என்று பத்து எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒவ்வொன்றையும் ஒரே தடவைதான் பயன்படுத்தலாம். அவற்றைக் கையால் எழுதி வையுங்கள். ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம். போன் தொலைந்தால் ஸ்க்ரீன்ஷாட்டும் அதோடு போகும்.

அம்மா பெயரில் இருக்கும் பழைய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் போட்டு வைத்திருக்கிறீர்களா? பல மாதம் சும்மா கிடந்த எண்ணை நிறுவனம் இன்னொருவருக்குக் கொடுத்துவிடும். அந்த எண்ணோடு எந்தெந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்று பார்த்து, இப்போது ஓடுகிற எண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.

படி 3: மாஸ்டர் பாஸ்வேர்டு

பிட்வார்டனைத் திறக்கிற பாஸ்வேர்டு இது. இனி நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது இது ஒன்றுதான். பிட்வார்டன் குறைந்தது 12 எழுத்து கேட்கும். பிள்ளை பெயரும் பிறந்த வருஷமும் சேர்ந்தது வேண்டாம். உங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அது தெரியும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, வஞ்சிரம், பம்பரம், திண்ணை, கொசுவலை, மஞ்சள். (இதையே வைத்துவிடாதீர்கள், ஊருக்கே சொல்லியாகிவிட்டது.) மனதில் தோன்றுவதை எடுப்பதைவிட, ஒரு பழைய வார இதழைக் கண்ணை மூடிப் புரட்டி விரல் பட்ட சொல்லை எடுப்பது நல்லது. நாமாக யோசித்தால் எல்லாம் சாப்பாட்டுச் சொல்லாகவே வந்து நிற்கும்.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. 'திண்ணை'க்கு டி பக்கத்தில் ஹெச் போட்டீர்களா இல்லையா, 'பம்பரம்' P-யில் தொடங்கியதா, B-யில் தொடங்கியதா என்பது ஒரு வாரம் கழித்து மறந்துபோகும். எப்படி அடித்தீர்களோ அப்படியே எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் எழுதுங்கள். மறந்தால் 'ரீசெட்' செய்துதர பிட்வார்டனாலும் முடியாது.

படி 4: போனில் ஏற்றுங்கள்

ப்ளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ ஆப்பை இறக்கிக் கணக்கு தொடங்குங்கள். தொடங்கும்போது சர்வர் அமெரிக்காவா ஐரோப்பாவா என்று ஒரு தேர்வு இருக்கும். எதுவானாலும் சரி, ஆனால் எல்லாக் கருவியிலும் அதையே வையுங்கள். போனில் ஒன்றும் லேப்டாப்பில் இன்னொன்றும் இருந்தால், பாஸ்வேர்டு சரியாக இருந்தும் உள்ளே விடாது. மண்டை காயும்.

பிறகு செட்டிங்ஸில், பாஸ்வேர்டைத் தானாக நிரப்பித் தரும் ஆட்டோஃபில்லை இயக்குங்கள். கைரேகையால் திறக்கும் வசதியையும் போடுங்கள். லேப்டாப்பில் பிட்வார்டனின் பிரவுசர் எக்ஸ்டென்ஷன் (க்ரோம் போன்ற பிரவுசரோடு சேர்க்கும் துணை ஆப்) போட்டால் போதும்.

ஒரு எச்சரிக்கை. பிட்வார்டனில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடாதவர் புதுக் கருவியில் நுழைந்தால், அவருடைய மெயிலுக்கு ஒரு குறியீடு போகும். அந்த மெயிலின் பாஸ்வேர்டு பிட்வார்டனுக்குள் மட்டுமே இருந்தால், பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். மெயில் பாஸ்வேர்டும் தாளில் இருக்கட்டும்.

படி 5: பழையதை உள்ளே கொண்டுவருதல்

க்ரோமில் ஏற்கெனவே சேமித்தவற்றை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து, பிட்வார்டனின் இணையப் பக்கத்தில் 'இம்போர்ட்' வழியாக ஏற்றலாம். அந்தக் கோப்பில் எல்லாப் பாஸ்வேர்டும் பச்சையாகப் படிக்கிற மாதிரி இருக்கும். வேலை முடிந்ததும் அழித்து, ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஒரே பாஸ்வேர்டை நாலு இடத்தில் வைத்திருப்பவற்றை மட்டும் முதலில் மாற்றுங்கள். புதியதை ஆப்பில் உள்ள ஜெனரேட்டரே உருவாக்கித் தரும்.

படி 6: பகிர்தல்

பலர் மாட்டிக்கொள்கிற இடம் இது. பிட்வார்டன் இணையப் பக்கத்தில் 'நியூ ஆர்கனைசேஷன்' என்று ஒன்று இருக்கும். கம்பெனிக்கு என்பது போலத் தெரியும்; பயப்பட வேண்டாம், 'வீடு' என்று பெயர் வைத்து இலவசத் திட்டத்தில் தொடங்குங்கள். அதில் உங்களையும் சேர்த்து இரண்டு பேர். தம்பியோ மனைவியோ, இன்னொருவரைச் சேர்க்கலாம். அவருக்கும் தனியாக ஒரு பிட்வார்டன் கணக்கு வேண்டும்.

சேர்ப்பதில் மூன்று கட்டம். நீங்கள் அழைப்பு அனுப்ப வேண்டும். அவர் மெயிலைத் திறந்து ஏற்க வேண்டும். அதன் பிறகு நீங்கள் மறுபடி உறுப்பினர் பட்டியலுக்குப் போய் 'கன்ஃபர்ம்' அழுத்த வேண்டும். இந்த மூன்றாவதை விட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணுமே தெரியலியே" என்று தம்பி சொல்ல, "நான் அனுப்பிட்டேனே" என்று அண்ணன் சொல்ல, மாறி மாறிக் கத்திக்கொண்டிருப்பார்கள். சேர்ந்ததும், படி 1 தாளின் முதல் பத்தியில் எழுதிய கணக்குகளை மட்டும், 'வீடு'க்குள் இருவரும் பார்க்கிற பொதுக் கலெக்‌ஷனுக்கு மாற்றுங்கள். ஒருவர் பாஸ்வேர்டை மாற்றி ஆப்பிலும் திருத்திவிட்டால், மற்றவர் போனிலும் அது மாறிவிடும்.

பாஸ்வேர்டைப் பகிர்ந்தாலும் ஓடிபி ஒரு போனுக்குத்தான் போகும். பகலில் போனை எடுக்க முடியாத வேலையில் இருப்பவரின் எண்ணை ரயில் டிக்கெட் கணக்கில் போட்டு வைக்காதீர்கள்.

மூன்றாவது ஆள் வேண்டுமென்றால் ஆறு பேருக்கான கட்டணத் திட்டம் இருக்கிறது. மூன்றாவது ஆள் அம்மா என்றால், அவருக்கு வேண்டிய இரண்டு மூன்றை நோட்டில் எழுதிக் கொடுப்பதே மேல். வீட்டுக்குள் இருக்கும் நோட்டை வெளியூர்த் திருடன் இணையம் வழியாக எடுக்க முடியாது. மாமாவுக்கு ஒரே ஒரு தடவை ஏதாவது அனுப்ப வேண்டுமா? ஆப்பில் 'சென்ட்' என்ற வசதி உண்டு; நீங்கள் வைக்கும் கெடு முடிந்ததும் அந்த லிங்க் செத்துவிடும்.

படி 7: ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர்

பிரின்ட் எடுக்கக் கடைக்குப் போகாமல் முடியாது. அங்கே மாஸ்டர் பாஸ்வேர்டை மட்டும் அடிக்கவே அடிக்காதீர்கள். முடிந்தவரை போனிலேயே பிடிஎஃப் இறக்கி, பிரின்டுக்கு மட்டும் அனுப்புங்கள். அங்கேயே லாக்இன் செய்தாக வேண்டுமென்றால், போனில் பார்த்து அந்த ஒரு பாஸ்வேர்டை மட்டும் அடித்து, லாக்அவுட் செய்து, வீட்டுக்கு வந்ததும் அதை மாற்றிவிடுங்கள். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம்; அவர் கம்ப்யூட்டரில் என்ன ஏறியிருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

படி 8: அந்தத் தாள்

மாஸ்டர் பாஸ்வேர்டு, மெயில் பாஸ்வேர்டு, பேக்அப் கோடுகள் மூன்றும் ஒரே தாளில், இரண்டு பிரதி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரேஷன் கார்டு இருக்கும் உயரத்தில் ஒன்று; நம்பிக்கையான சொந்தக்காரர் வீட்டில், ஒட்டிய உறைக்குள் இன்னொன்று. பால்பாயின்ட் பேனாவில் எழுதுங்கள், மைப்பேனா ஈரத்தில் கரையும்.

படி 9: பழைய போனை விற்கும்போது

பர்மா பஜாருக்குக் கொண்டுபோகும் முன், வீட்டிலேயே இந்த வரிசையில் செய்யுங்கள். பிட்வார்டனிலிருந்து லாக்அவுட். வாட்ஸ்அப்பைப் புதுப் போனுக்கு மாற்றுதல். செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்குதல். கடைசியாக ஃபேக்டரி ரீசெட். கூகுள் கணக்கை நீக்காமல் ரீசெட் மட்டும் செய்தால், போன் மறுபடி திறக்கும்போது உங்கள் பழைய கணக்கைக் கேட்கலாம். அப்படிக் கேட்டால், வாங்கியவர் உங்களைத் தேடிக்கொண்டு வருவார். போன் திருடு போயிருந்தால், வேறொரு கருவியில் பிட்வார்டன் இணையப் பக்கத்தைத் திறந்து, கணக்கு அமைப்பில் எல்லாக் கருவிகளிலிருந்தும் ஒரே அடியாக வெளியேற்றும் பொத்தானை அழுத்துங்கள். அப்புறம் சிம்மை முடக்குங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள்.