மேடைக்குச் செல்லும் கீபோர்டும் லேப்டாப்பும்

மேடையில் கீபோர்டுடன் லேப்டாப்பை இணைத்து வாசிப்பவர்கள், ஆடியோ இன்டர்ஃபேஸ் (லேப்டாப்பின் ஒலியை வெளியே கொடுக்கும் கருவி), யுஎஸ்பி ஹப், அடாப்டர்கள் ஆகியவற்றை ஒரு சிறிய பலகையில் வெல்க்ரோ பட்டையால் பொருத்தி, அவற்றுக்கிடையே உள்ள கேபிள்களைக் கழற்றாமலே வைத்திருந்தால், அரங்கில் மின்சாரம், கீபோர்டு, ஒலி வெளியீடு ஆகிய இணைப்புகளை மட்டும் கொடுத்தால் போதும். யுஎஸ்பி கேபிளில் சற்றுத் தளர்வு விட்டு ஸ்டாண்டுடன் கட்டிவிடுங்கள். யார் காலாவது இடறினாலும் இழுவை போர்ட்டைத் தாக்காது.

வைஃபையையும் மின்சேமிப்பு அமைப்பையும் நிகழ்ச்சிக்கு முன்பே அணைத்துவிட வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (லேப்டாப் ஒலியை வெளியிடுமுன் சேர்த்துவைக்கும் அளவு) என்பது ஏறத்தாழ 2.7 மில்லிவினாடித் தாமதம்தான்; ஆயினும் லேப்டாப்புக்குச் சுமையான பியானோ ஒலிகளில் படபடவென்ற வெடிப்பொலி கேட்டால், தயங்காமல் 256-க்கு உயர்த்துவதே நல்லது, ஏனெனில் அந்தச் சிறு தாமதத்தை விரல்கள் பொறுத்துக்கொள்ளும், வெடிப்பொலியை அரங்கம் பொறுக்காது.

சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் உறுமல் எழுந்தால், எர்த் இணைப்பை ஒருபோதும் துண்டிக்காமல், கிரவுண்ட் லிஃப்ட் (ஒலிக் கேபிளின் கிரவுண்ட் இணைப்பை மட்டும் விலக்கும்) வசதியுள்ள டிஐ பாக்ஸ் என்ற சிறு இணைப்புப் பெட்டி வழியாக ஒலியை அனுப்புங்கள். விசையை விட்ட பின்னும் ஒலியை நீட்டிக்கும் சஸ்டெய்ன் பெடலையோ, கீபோர்டை இயக்குவதற்கு முன்பே, மிதிக்காமல் செருகிவிட வேண்டும்; பல கீபோர்டுகள் இயங்கத் தொடங்கும்போதுதான் பெடலின் துருவத்தை (மிதிக்காத நிலையில் அதன் இணைப்பு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதை) அறிகின்றன என்பதால், பின்னர் செருகினால் அது தலைகீழாக வேலை செய்யக்கூடும்.