சாண்டா கிளாரா கவுண்டியில் வீட்டுப் பத்திரத்தைத் தேடுவதும் பதிவதும்

தமிழ்நாட்டில் ஒரு மனைக்கு வில்லங்கம் பார்க்கப் போகிறவர் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிறார். அதே பழக்கத்தோடு சான் ஹோசேயில் உள்ள சாண்டா கிளாரா கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) பத்திரப் பதிவு அலுவலகமான கிளார்க்-ரெக்கார்டர் அலுவலகத்தில் வீட்டு முகவரியைச் சொல்லிப் பத்திரம் கேட்பவர்களுக்கு வெறுங்கைதான் மிஞ்சும். கலிஃபோர்னியாவில் கவுண்டிப் பதிவேடு ஆட்களின் பெயரால் ஆனது. எழுதிக்கொடுத்தவர் 'கிராண்டர்' என்றும் எழுதி வாங்கியவர் 'கிராண்டீ' என்றும் அட்டவணையில் ஏறுகிறார்கள். தெரு முகவரியைக் கொண்டு அதில் தேட முடியாது. ஆகவே தேடுவதிலும் பதிவதிலும் முதலில் சரிபார்க்க வேண்டியது உங்கள் பெயரைத்தான், தமிழர்களுக்குச் சிக்கல் வருவதும் அங்கேதான்.

காரணம் நமக்குத் தெரிந்ததே. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தலைப்பெழுத்தாக இருந்த தந்தை பெயர் பாஸ்போர்ட்டில் விரிந்து, அமெரிக்காவுக்கு வந்தபின் கடைசிப் பெயராகிவிடுகிறது. சிலருக்கு முதற்பெயர்க் கட்டம் காலியாக இருந்ததால் விசாவில் 'எஃப்.என்.யூ.' (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்து, அதே எழுத்துகள் வீட்டுப் பத்திரம் வரை வந்துவிடுவதும் உண்டு. கந்தசாமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது 'த'வுக்கு 'எச்' சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், 'சாமி'க்கு நடுவில் 'டபிள்யூ' போடுபவர்களும் இருக்கிறார்கள். கணினிக்கு இவை வெவ்வேறு பெயர்கள். எனவே அட்டவணையில் தேடும்போது உங்கள் பெயர், தந்தை பெயர் இரண்டையும் மாறி மாறிக் கடைசிப் பெயராக இட்டும், எழுத்து வேறுபாடுகள் ஒவ்வொன்றையும் இட்டும் பார்க்க வேண்டும். ஒரு தடவை தேடி ஒன்றும் வரவில்லை என்பதால் பதிவே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

கையில் பத்திர நகல் இருந்தால் வேலை எளிது: முதல் பக்கத்தின் வலது மேல் மூலையில் ஆவண எண்ணும் பதிவான நாளும் அச்சாகியிருக்கும். நகல் இல்லாதவர்கள் சொத்துவரி ரசீதில் உள்ள மனை எண்ணை, அதாவது ஏ.பி.என். எனப்படும் அசஸர் எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும். பெயர் ஒத்திருக்கும் இருவரில் உங்கள் மனைக்குரிய பத்திரம் எது என்று பிரித்தறிய அது உதவும். அசஸர் அலுவலகம் வரி மதிப்பைத் தீர்மானிக்கும் தனி அலுவலகம் என்பதையும், அதன் ஏட்டில் உங்கள் பெயர் இருப்பது உரிமைக்குச் சான்றாகாது என்பதையும் மறக்க வேண்டாம்.

வாங்கவிருக்கும் வீட்டின் பூர்வீகத்தைப் பார்ப்பவர்கள் பின்னோக்கித் தொடங்க வேண்டும். இன்றைய உரிமையாளர் பெயரைக் கிராண்டீ அட்டவணையில் தேடினால் அவருக்கு எழுதிக்கொடுத்தவர் தெரிவார். அடுத்து அவரைக் கிராண்டீயாகத் தேட வேண்டும். இப்படியே தாய்ப் பத்திரம் வரை போகலாம். பின்னர் திசையைத் திருப்பி, ஒவ்வோர் உரிமையாளரையும் அவர் வாங்கிய நாளிலிருந்து விற்ற நாள் வரை கிராண்டர் அட்டவணையில் தேட வேண்டும். இந்த இரண்டாம் பாதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கடனுக்கு வீட்டை ஈடாக வைக்கும் 'டீட் ஆஃப் டிரஸ்ட்', நீதிமன்றத் தீர்ப்பின் பேரில் வீட்டின் மீது வந்த பற்றுரிமை, வழக்கு நிலுவை அறிவிப்பு, கூலியோ பொருள்விலையோ கிடைக்காத கட்டடக்காரர் பதிந்த 'மெக்கானிக்ஸ் லீன்' ஆகிய வில்லங்கங்கள் எல்லாம் அங்கேதான் வெளிப்படும்.

கடனைக் கட்டி முடித்தவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நம் ஊரில் அடமானம் தீர்ந்ததும் ரசீது பதிவது போல இங்கே 'ரீகன்வேயன்ஸ்' என்ற ஆவணம் பதிவாக வேண்டும். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் கடன் கொடுத்தவர் உரிய தாள்களை டிரஸ்டியிடம் (டீட் ஆஃப் டிரஸ்டின்படி வீட்டை ஈடாக வைத்திருக்கும் மூன்றாம் தரப்பு) ஒப்படைக்க வேண்டும் என்றும், அவை கிடைத்த 21 நாளுக்குள் டிரஸ்டி அதைப் பதிய வேண்டும் என்றும் கலிஃபோர்னியாவின் சிவில் சட்டத்தொகுப்பு 2941ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் கடன் கைமாறிக் கைமாறிப் போனபின் இது விடுபட்டுப்போவது உண்டு. பல ஆண்டுகள் கழித்து வீட்டை விற்க முனையும்போது, புதுக் கடன் வாங்கி (ரீஃபைனான்ஸ்) தீர்த்துவிட்ட பழைய கடன் இன்னும் உயிரோடு நிற்பதைக் கண்டு அலைவதைவிட, கடைசித் தவணை கட்டிய மூன்றாம் மாதமே அட்டவணையைப் பார்த்துவிடுவது நல்லது.

பழைய பத்திரங்களைப் படிக்கும்போது மனத்தை வருத்தும் ஒரு வரியும் கண்ணில் படலாம். வெள்ளையர் அல்லாதார் இந்த மனையில் குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரராக மட்டும் இருக்கலாம் என்ற நிபந்தனை இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கே சாதாரணமாக எழுதப்பட்டது. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமலாக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. எழுத்து மட்டும் ஏட்டில் தங்கிவிட்டது. 2021இல் இயற்றப்பட்ட கலிஃபோர்னியச் சட்டம் அவற்றைக் கண்டறிந்து மறைக்கும் பொறுப்பைக் கவுண்டிப் பதிவாளர்களிடம் ஒப்படைத்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாண்டா கிளாரா கவுண்டியோடு சேர்ந்து 1902 முதல் 1980 வரையிலான பத்திரங்களைக் கணினி கொண்டு அலசியபோது, சுமார் 7,500 நிபந்தனைகள் அகப்பட்டன. உங்கள் பத்திரத்தில் அப்படி ஒரு வரி இருந்தால், அதை நீக்கும் திருத்த ஆவணத்தைப் பதிய நீங்களும் விண்ணப்பிக்கலாம். நம் பிள்ளைகள் வளரும் வீட்டின் தாளில் அந்த வரி இருக்க வேண்டாம் என்பதால், நான் இதை வலியுறுத்தியே சொல்வேன்.

இனிப் பதிவு. வீடு வாங்கும்போது பணத்தையும் தாள்களையும் நடுவில் வைத்திருக்கும் எஸ்க்ரோவும், உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனியும் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்கள். நாமே பத்திரம் எழுத நேர்வது பெரும்பாலும் மனைவி அல்லது கணவர் பெயரைச் சேர்க்கும்போதும், வீட்டைக் குடும்ப டிரஸ்டுக்கு மாற்றும்போதும்தான். கவுண்டிப் பதிவாளர் உங்கள் உரிமை உண்மையா என்று விசாரிப்பதில்லை. தாள் சட்டம் சொன்ன வடிவில் இருக்கிறதா, கையெழுத்து நோட்டரியின் சான்றோடு இருக்கிறதா, கட்டணம் சரியா என்பதையே பார்க்கிறார். ஆகவே பதிவாகிவிட்டது என்பதற்காக அது செல்லும் பத்திரம் என்று ஆகிவிடாது. ஆனால் பதியாமல் வைத்திருப்பது அதைவிட ஆபத்து: முந்தைய விற்பனை தெரியாமல், விலை கொடுத்து வாங்கி, முதலில் பதிந்துவிட்டவருக்கு எதிரே பதியாத பத்திரம் செல்லாது.

தாளின் முதல் பக்கத்தில் மேலே இரண்டரை அங்குல இடம் விட வேண்டும். அதன் இடப்புறத்தில் பதிவைக் கோருபவர் பெயரும் பத்திரம் திரும்பி வர வேண்டிய முகவரியும் இருக்கும். வலப்புறம் பதிவாளரின் முத்திரைக்கு உரியது, அங்கே எதையும் எழுதக் கூடாது. மனையின் சட்ட விவரணையை உங்கள் சொல்லில் சுருக்காமல் முந்தைய பத்திரத்திலிருந்து எழுத்துக்கு எழுத்து எடுத்து எழுதுங்கள். நோட்டரி முன்பு கையெழுத்திடும்போது அவருடைய குறிப்பேட்டில் வலது பெருவிரல் ரேகையும் வைக்கச் சொல்வார். வீட்டுப் பத்திரத்துக்கு அது இங்கே சட்டம்.

பத்திரத்தோடு உரிமை மாற்ற முன்னறிக்கைப் படிவத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் 20 டாலர் கூடுதல். அந்தப் படிவத்தை அவசரமாக நிரப்பிவிடாதீர்கள். 1978இல் கலிஃபோர்னிய வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு (புரொப்பசிஷன் 13) சொத்துவரிக்குத் தந்த உச்சவரம்பு உங்கள் வீட்டுக்குத் தொடருமா, இன்றைய சந்தை விலையில் மறுமதிப்பீடு வருமா என்பதை அசஸர் அதைப் பார்த்துத்தான் முதலில் எடைபோடுகிறார். கணவன் மனைவிக்குள் மாற்றுவதும், திரும்பப் பெறக்கூடிய தம் சொந்த டிரஸ்டுக்கு மாற்றுவதும் மறுமதிப்பீட்டுக்கு உட்படாதவை. அதற்குரிய கட்டத்தைக் குறிக்காமல் விட்டால் தேவையற்ற கடிதப் போக்குவரத்து தொடங்கும்.

விற்பனையாக இருந்தால் 1,000 டாலருக்கு 1.10 டாலர் மாற்று வரி. 15 இலட்சம் டாலர் வீட்டுக்கு 1,650 டாலர். சான் ஹோசே, பாலோ ஆல்டோ, மவுண்டன் வியூ நகரங்கள் தமக்கென ஒரு வரியும் விதிக்கின்றன. விலையின்றி மாற்றினால் வரி கிடையாது, ஆனால் ஏன் கிடையாது என்ற காரணத்தைப் பத்திரத்தின் முகப்பிலேயே எழுத வேண்டும். 2018 முதல் வீட்டுவசதி நிதிக்காக வாங்கப்படும் 75 டாலர் கட்டணத்துக்கும் இதே விதிதான்: வீட்டைப் பெறுபவர் அதில் தாமே குடியிருப்பவரானால் விலக்கு உண்டு, எழுதாதவருக்குக் கிடைக்காது.

மீண்டும் பெயருக்கு வருவோம். திருமணத்துக்குப் பின்னோ குடியுரிமை பெற்றபோதோ பெயரை மாற்றியவர்கள், எந்தப் பெயரில் வீட்டைப் பெற்றார்களோ அந்தப் பெயரையும் புதிய பத்திரத்தில் குறிப்பிட வேண்டும் என்று சிவில் சட்டத்தொகுப்பு 1096ஆம் பிரிவு கேட்கிறது. தந்தை பெயரை விட்டுக் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட நம் பெண்களுக்கு இது மிகவும் பொருந்தும். குறிப்பிடாவிட்டால் அட்டவணையில் அவர் இரண்டு ஆட்களாகி, உரிமைச் சங்கிலி நடுவில் அறுந்ததுபோல் தெரியும். இன்னொன்று: பத்திரத்திலிருந்து ஒருவர் பெயரை எடுத்துவிட்டால் கடனிலிருந்தும் எடுபட்டுவிடும் என்று நினைக்கக் கூடாது. வங்கியிடம் அவர் அதே கடனாளிதான்.

கையெழுத்திட வேண்டியவர் ஊரில் இருந்தால் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் நோட்டரி சேவையில் கையெழுத்திட்டு அனுப்பலாம். அல்லது உள்ளூர் நோட்டரியிடம் கையெழுத்திட்டு, அது வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்காக அரசு தரும் அப்போஸ்டில் முத்திரை பெறலாம். அவருக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்திட அனுமதிக்கும் அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) தமிழில் எழுதப்பட்டிருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லாமல் பதிவுக்கு ஏற்கமாட்டார்கள்.

பதிவானபின், 'உங்கள் வீட்டுப் பத்திரத்தின் நகல் தேவை, உடனே பணம் அனுப்புக' என்று அரசுக் கடிதம் போன்ற தோற்றத்தில் தனியார் கடிதம் வரக்கூடும். அதற்குப் பணம் அனுப்ப வேண்டாம். சான்றிட்ட நகலைக் கவுண்டி அலுவலகமே அதைவிட மிகக் குறைந்த கட்டணத்துக்குத் தரும். அசல் தபாலில் வந்து சேர்ந்ததும் அட்டவணையை ஒருமுறை திறந்து, உங்கள் பெயர் நீங்கள் எழுதிய எழுத்துகளிலேயே ஏறியிருக்கிறதா, முதற்பெயரும் கடைசிப் பெயரும் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாறியிருந்தால் ஆவண எண்ணோடு அன்றே அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.