எழுத்துக்கு நடுவே விழுந்த வெட்டு

டீக்கடைக் கண்ணாடிக்கு 'மிளகாய் பஜ்ஜி' என்று வினைல் ஸ்டிக்கர் வெட்டினேன். திரையில் பார்க்க ஒரு குறையும் இல்லை. எழுத்தைச் சுற்றியுள்ள கழிவை உரிக்கும்போது 'மி'யின் மேல்விலங்கு (ி) தனித் துண்டாகக் கையோடு வந்துவிட்டது. 'ஜி'யும் அப்படித்தான். பிளேடு மேல் சந்தேகப்பட்டு புதுசு மாற்றி, அழுத்தம் குறைத்து, இன்னொரு மீட்டர் வினைலையும் வீணாக்கினேன்.

தவறு கோப்பில் இருந்தது. பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் 'ம'வும் மேல்விலங்கும் தனித்தனி உருக்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். அச்சில் இரண்டும் கருப்பாகக் கலந்துவிடும். வினைலை வெட்டும் இயந்திரமான கட்டிங் பிளாட்டரோ ஒவ்வொரு கோட்டையும் அப்படியே வெட்டும்.

கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் கன்ட்ரோல்-கியூ அடித்து எழுத்தை வளைகோடாக்கி, மொத்தமும் தேர்ந்தெடுத்து, ஒன்றாக இணைக்கும் 'வெல்ட்' கொடுத்தேன். இங்க்ஸ்கேப் மென்பொருளில் இதற்கு 'யூனியன்' என்று பெயர். அப்புறம் வெறும் கோடுகளை மட்டும் காட்டும் வயர்ஃப்ரேமில் பார்த்தால் உள்ளே குறுக்குக் கோடு இருக்கக் கூடாது. வளைகோடாக்கிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது, முன்பே ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். (எனக்கு 'மிளாகய்' ஒரு தடவை நடந்தது.)

ஒட்டும்போது கண்ணாடியில் துளி ஷாம்பு கலந்த தண்ணீர் தெளித்தேன். நகர்த்தி நேராக்க நேரம் கிடைத்தது.