ஒரு ஜாடி முட்டைக்கோஸ், 16 கிராம் உப்பு: முதன்முதலாகப் புளிக்கவைப்பவர்களுக்கு

வயிற்றுக்கு நல்லது என்று கேள்விப்பட்டேன், புளித்த உணவு செய்து பார்க்கலாம் என்றிருக்கிறேன், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் கிராம் காட்டும் தராசு இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள், முட்டைக்கோஸ் அப்புறம்.

காரணம் இருக்கிறது. என் முதல் ஜாடியில் உப்பைக் கைக்கணக்காகத்தான் போட்டேன். உப்பு உடம்புக்கு ஆகாது என்ற நினைப்பில் கொஞ்சம் குறைத்தே போட்டேன். நான்காம் நாள் மூடியைத் திறந்தபோது உள்ளே எல்லாம் கொழகொழவென்று கிடந்தது. வந்த நாற்றத்தில் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன். உப்பை எடை போட்ட பிறகு அப்படி ஒரு ஜாடிகூடக் கெட்டதில்லை.

செய்முறைக்குப் போவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். புளித்த உணவும் புரோபயாட்டிக்கும் ஒன்றல்ல. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு 2001-இல் கொடுத்த விளக்கத்தின்படி, உயிரோடு இருந்து, போதிய அளவில் உள்ளே போகும்போது உடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்தான் புரோபயாட்டிக். உங்கள் வீட்டு ஜாடியில் எந்த வகை பாக்டீரியா இருக்கிறது, எத்தனை கோடி இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் கறாராகப் பார்த்தால் அதைப் புரோபயாட்டிக் என்று சொல்ல முடியாது.

அதற்காக அது வீண் என்று அர்த்தமில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 36 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நார்ச்சத்து மிகுந்த உணவும் இன்னொரு குழுவுக்குப் புளித்த உணவும் 10 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-இல் முடிவு வெளிவந்தது. புளித்த உணவு சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் கூடியிருந்தன. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்திருந்தன. சின்ன ஆய்வுதான். அவர்கள் சாப்பிட்டதும் கொஞ்சநஞ்சமில்லை, நாளுக்கு ஏறக்குறைய ஆறு பங்கு. ஒரு ஸ்பூனில் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தயிரை விட்டுவிட்டு முட்டைக்கோஸில் தொடங்கச் சொல்வது ஏன்? பாலைக் காய்ச்ச வேண்டும், பதமான சூட்டுக்கு ஆற்ற வேண்டும், உறை ஊற்றுவதற்கு ஏற்கெனவே தயிர் வேண்டும். முட்டைக்கோஸுக்கு இது எதுவும் தேவையில்லை. வேலை செய்ய வேண்டிய பாக்டீரியா இலை மேலேயே இருக்கிறது. நம் வேலையெல்லாம் வேண்டாத கிருமிகளுக்குக் கதவை அடைத்து, வேண்டியவற்றுக்கு வழி விடுவதுதான். அதை உப்பும் காற்றில்லாத இடமும் பார்த்துக்கொள்ளும்.

என்னென்ன வேண்டும்

1 லிட்டர் கண்ணாடி ஜாடி ஒன்று, அகலமான பாத்திரம், தராசு, கத்தி, முட்டைக்கோஸ் 700 கிராம், கேரட் 100 கிராம், உப்பு 16 கிராம். எடை எல்லாம் நறுக்கிய பிறகு உள்ள எடை. தண்டையும் மேல் இலைகளையும் கழித்துவிட்டுத்தான் நிறுக்க வேண்டும்.

அந்த 16 எப்படி வந்தது? காய்கறியின் மொத்த எடையில் 2 சதவீதம். உங்களிடம் 650 கிராம்தான் தேறியது என்றால் 13 கிராம் உப்பு. வெயில் காலத்தில் 2.5 சதவீதம் வரை போகலாம், 800 கிராமுக்கு 20 கிராம். அதற்கு மேல் போனால் புளிப்பு மெதுவாக வரும், வாயிலும் கரிக்கும். 2-க்குக் கீழே போனால் என் முதல் ஜாடிதான்.

கல் உப்பா, தூள் உப்பா என்பது பிரச்சினையே இல்லை, எடை சரியாக இருந்தால் போதும். ஸ்பூன் கணக்கு மட்டும் வேண்டாம், ஏனென்றால் ஒரு ஸ்பூன் கல் உப்பும் ஒரு ஸ்பூன் தூள் உப்பும் ஒரே எடை இருக்காது. அயோடின் கலந்த உப்பு பாக்டீரியாவைக் கொன்றுவிடும் என்பார்கள். நான் இரண்டிலும் போட்டுப் பார்த்திருக்கிறேன், இரண்டும் ஒன்றுபோலத்தான் புளித்தன.

படி 1: கழுவுவதும் நறுக்குவதும்

ஜாடியையும் கையையும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிடுங்கள். முட்டைக்கோஸில் வெளி இலைகள் இரண்டை உரித்து, நல்ல இலை ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள், பின்னால் தேவைப்படும். மிச்சத்தைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் போதும். வெந்நீர், வினிகர் எல்லாம் விட்டு ஊறவைக்க வேண்டாம், நமக்கு வேண்டிய பாக்டீரியாவும் சேர்ந்து போய்விடும். பிறகு மெல்லிசாக, நூல் நூலாக நறுக்குங்கள். மெல்லிசாக இருந்தால்தான் தண்ணீர் சீக்கிரம் விடும். கேரட்டைத் துருவிக்கொள்ளலாம்.

படி 2: பிசைவது

இந்த ஒரு படியில் மட்டும் அவசரப்படாதீர்கள். காயைப் பாத்திரத்தில் போட்டு உப்பைப் பரவலாகத் தூவி, இரண்டு கையாலும் அள்ளி அள்ளி அழுத்திப் பிசையுங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காது. மொறுமொறுவென்று சத்தம் வரும், கையில் உப்பு உரசும், இதில் எங்கே தண்ணீர் வரப்போகிறது என்று சந்தேகம் வரும். அப்படியே ஒரு கால் மணி நேரம் மூடி வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். உப்பு இலைக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துக்கொண்டிருக்கும். திரும்பி வந்து பிசைந்தால் காய் துவண்டிருக்கும், நிறம் கொஞ்சம் கண்ணாடி மாதிரி மாறியிருக்கும், ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் சாறு ஒழுகும். பாத்திரத்தைச் சாய்த்தால் அடியில் குளம்போல் தேங்க வேண்டும். அதுதான் பதம்.

படி 3: ஜாடியில் அடைப்பது

கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் கை முஷ்டியாலோ மரக்கரண்டியின் பின்பக்கத்தாலோ இடித்து அமுக்குங்கள். இடையில் காற்று தங்கக் கூடாது. மேலே மூன்று விரற்கடை இடம் விடுங்கள். பாத்திரத்தில் மிஞ்சிய சாற்றை ஒரு சொட்டு விடாமல் ஊற்றுங்கள், அதில்தான் உப்பில் பெரும்பங்கு இருக்கிறது. எடுத்து வைத்த இலையை மடித்து மேலே போர்த்தி, அதன்மேல் கனமாக ஏதாவது வையுங்கள். ஜாடிக்குள் இறங்குகிற சின்னக் கண்ணாடிக் கிண்ணம் போதும்.

சாறு காய்க்கு மேலே நிற்க வேண்டும். மறுநாள் பார்த்தும் நிற்கவில்லை என்றால், கொதித்து ஆறிய 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் உப்பைக் கரைத்து, மூழ்கும் வரை ஊற்றுங்கள். காற்றுப் பட்டுக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு துண்டில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும்.

படி 4: காத்திருப்பது

மூடியை இறுக்க வேண்டாம், லேசாகத் திருகி வையுங்கள். ஜாடிக்கு அடியில் ஒரு தட்டு. வெயில் படாத இடமாக இருக்கட்டும். தட்டு எதற்கு என்று இரண்டாம் மூன்றாம் நாள் தெரியும்: சாறு பொங்கி வழியும். காதை ஜாடியருகே கொண்டுபோனால் மெல்லிய சிசுசிசுப்பு கேட்கும். லூக்கோனாஸ்டாக் மெசன்டிராய்டஸ் என்ற பாக்டீரியாவின் வேலை அது. காயிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் விடுகிறது. வாயு மேலே வந்து உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளிவிடும். அமிலம் ஏற ஏற லூக்கோனாஸ்டாக்கால் தாங்க முடியாமல் போகும், அமிலத்தைத் தாங்குகிற பிளான்டாரம் என்ற இன்னொரு வகை அந்த இடத்தைப் பிடிக்கும். லாக்டோபாசில்லஸ் பிளான்டாரம் என்று படித்திருப்பீர்கள். 2020-இல் அந்தப் பெருங்குடும்பத்தையே பிரித்து, இதற்கு லாக்டிபிளான்டிபாசில்லஸ் என்று வாயில் நுழையாத பெயர் வைத்துவிட்டார்கள்.

மூடியை இறுக்கிவிட்டீர்கள் என்றால் தினமும் ஒருமுறை திறந்து வாயுவை வெளியேற்றுங்கள். நான் ஒருமுறை மறந்துபோய் மூன்றாம் நாள் திறந்தேன். கூரையில் இன்னும் கறை இருக்கிறது.

எத்தனை நாள் என்பதை வீட்டின் சூடுதான் முடிவு செய்யும். 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் என்றால் மூன்று நான்கு வாரம் நிதானமாகப் புளிக்கும், சுவையும் நன்றாக வரும். 30 டிகிரியைத் தொடும் அறையில் ஐந்தாறு நாளிலேயே புளிப்பு ஏறிவிடும், அதிக நாள் விட்டால் காய் நொளநொளத்துப் போகும். அப்படிப்பட்ட இடத்தில் மூன்றாம் நாளிலிருந்தே சுத்தமான ஸ்பூனால் எடுத்து ருசி பாருங்கள். முதலில் உப்பு மட்டும் தெரியும், பச்சை வாசனை போயிருக்காது. ஒருநாள் உப்பு பின்னால் போய்ப் புளிப்பு முன்னால் வந்து நிற்கும். உங்களுக்குப் பிடித்த புளிப்பு வந்ததும் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். நாக்கை நம்பத் தயக்கமாக இருந்தால் அமிலத்தை அளக்கும் பிஎச் தாள் வாங்கிக்கொள்ளலாம், எண் குறையக் குறைய அமிலம் அதிகம் என்று அர்த்தம். 4.6-க்குக் கீழே போய்விட்டால் பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வளராது. நன்றாகப் புளித்த முட்டைக்கோஸ் 3.5 அருகில் வந்து நிற்கும்.

பயப்பட வேண்டியதும் வேண்டாததும்

சாறு கலங்கலாக இருப்பது சகஜம். முதல் சில நாள் முட்டைக்கோஸுக்கே உரிய ஒரு கெட்ட வாடை வரும், அதுவும் சகஜம், போகப் போகக் குறையும். மேலே வெள்ளையாக, தட்டையாக ஆடை படிந்தால் அது ஒரு வகை ஈஸ்ட். வழித்து எறிந்துவிட்டு, காய் மூழ்கியிருக்கிறதா என்று பாருங்கள். பஞ்சு மாதிரி முடி முடியாகப் பச்சையோ கறுப்போ இளஞ்சிவப்போ தெரிந்தால் பூஞ்சை. மேலே மட்டும்தானே என்று வழித்துவிட்டுச் சாப்பிடச் சொல்பவர்கள் உண்டு, நான் சொல்ல மாட்டேன். ஒரு முட்டைக்கோஸ் விலைக்கு வயிற்றைப் பணயம் வைக்க வேண்டாம். அழுகல் நாற்றம் வந்தாலும் அப்படித்தான், முழு ஜாடியும் குப்பைக்கு.

எப்படிச் சாப்பிடுவது

முதல் நாள் ஒரு டீஸ்பூன். அதற்கு மேல் வேண்டாம். பழக்கமில்லாத குடலில் இது வாயுவையும் உப்புசத்தையும் கிளப்பும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டி, இரண்டு மேசைக்கரண்டி வரை போகலாம். சூடாக்கினால் பாக்டீரியா செத்துவிடும், புளிப்பு மட்டும்தான் மிஞ்சும். அதனால் அடுப்பை அணைத்து, தட்டில் போட்ட பிறகு பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் ஃபிரிட்ஜுக்கு வெளியே மாதக்கணக்கில் அடுக்கியிருக்கும் பாட்டில்களும் பெரும்பாலும் சூடாக்கிப் பதப்படுத்தியவைதான், ருசிக்கு வாங்கலாம்.

வீட்டில் மற்றவர்கள் முகம் சுளித்தால் கட்டாயப்படுத்தாதீர்கள். கேப்டன் ஜேம்ஸ் குக் 1768-இல் கடற்பயணம் கிளம்பியபோது, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வராமலிருக்க இதே புளித்த முட்டைக்கோஸைக் கப்பலில் ஏற்றிச் சென்றார். மாலுமிகள் தொடவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் அதிகாரிகளின் மேசையில் மட்டும் தினமும் பரிமாறச் செய்தார். ஒரு வாரத்துக்குள் ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுக்க வேண்டியதாயிற்று. நீங்களும் உங்கள் தட்டில் மட்டும் வைத்துக்கொண்டு பேசாமல் சாப்பிடுங்கள்.

உப்புக் கணக்கையும் மறக்க வேண்டாம். இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 கிராம் அளவில் 0.6 கிராம் உப்பு இருக்கும். உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. இரத்த அழுத்தம் இருப்பவர்கள் மற்ற உணவில் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளட்டும். கீமோ சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மனச்சோர்வுக்காக எம்.ஏ.ஓ. தடுப்பான் வகை மாத்திரை எடுப்பவர்களும் அப்படியே. புளித்த உணவிலுள்ள டைரமின் என்ற வேதிப்பொருள் அந்த மாத்திரையோடு சேர்ந்தால் இரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடும்.

இவ்வளவு எதற்கு, கேப்சூல் வாங்கி விழுங்கிவிடலாமே என்று தோன்றலாம். அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரும்பாலான செரிமானக் கோளாறுகளுக்குப் புரோபயாட்டிக் மாத்திரையைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றே சொன்னது. ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது வரக்கூடிய ஒரு வகைக் குடல் தொற்றைத் தடுப்பது போன்ற சில இடங்களில் மட்டும், குறிப்பிட்ட வகைகளை ஏற்றுக்கொண்டது. இன்னொரு பக்கம், இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு புரோபயாட்டிக் எடுத்தவர்களைவிட ஒன்றுமே எடுக்காதவர்களின் குடல் நுண்ணுயிர்கள்தான் சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்பின. மருத்துவர் ஒரு காரணத்துக்காகக் கொடுத்தால் சாப்பிடுங்கள். விளம்பரம் பார்த்து வாங்க வேண்டாம்.

ஜாடி பாதியாகும்போதே அடுத்ததைப் போட்டுவிடுங்கள். இரண்டாவதில் இஞ்சி, பூண்டு, பீட்ரூட் என்று சேர்த்துப் பார்க்கலாம், அவற்றையும் எடையில் சேர்த்துக்கொண்டு 2 சதவீதம். மூடியில் தேதியும் உப்பின் அளவும் எழுதி ஒட்டிவிடுங்கள். மூன்று ஜாடி ஆனபின் எது எதுவென்று நினைவிருக்காது.